திமிங்கலம் நிஜம், கப்பல் நிஜம், கப்பல்ல வேலை செஞ்ச ஆளுங்க எங்க? (1922 மௌனப்படம் பத்தி)

கடலோடி_மகன்:

"டவுன் டு த ஸீ இன் ஷிப்ஸ்" பத்தி இங்க யாரும் விரிவா பேசி நான் பாக்கல, பின்னாடி பெரிய ஹாலிவுட் ஸ்டாரான க்ளாரா போ நடிச்ச ஆரம்ப காலப் படம்னு பேர் மட்டும் அப்பப்ப வந்து போகுது, அதனால தனி இழையாவே போட்டுடறேன். எல்மர் க்ளிஃப்டன் எடுத்த படம். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல நியூ பெட்ஃபோர்ட்னு ஒரு துறைமுகம், 19ஆம் நூற்றாண்டு நடுவுல திமிங்கல வேட்டைக்கு உலகத்துலயே பெரிய ஊர் அதுதான். படம் எடுக்கும்போது அந்தத் தொழில் கிட்டத்தட்ட முடிஞ்சு ஊரே பஞ்சாலை ஊரா மாறியிருந்தது. ஊர்க்காரங்களே பணம் போட்டு, நம்ம பழைய பெருமை அழியறதுக்குள்ள ஃபிலிம்ல பதிஞ்சு வைக்கணும்னு எடுத்தாங்க. 1922 செப்டம்பர்ல முதல் காட்சியும் அந்த ஊர்லதான்.

கதை சாதாரண கதை. க்வேக்கர்ங்கற கிறிஸ்தவ சபையச் சேர்ந்த பெரிய கப்பல் முதலாளி மார்கன், தன் பொண்ணு பேஷன்ஸ கட்டறவன் க்வேக்கரா இருக்கணும், திமிங்கல வேட்டைக்காரனாவும் இருக்கணும், அப்படிப்பட்டவனுக்குத்தான் கட்டிக்குடுப்பேன்னு நிக்கிறார். காதலன் ஆலன் ரெண்டும் இல்ல. நடுவுல சாமுவேல் சிக்ஸ்னு ஒருத்தன் க்வேக்கர் வேஷம் போட்டு மார்கன் ஆஃபீஸ்ல சேர்ந்து அந்தப் பொண்ணக் கட்டிக்கப் பாக்குறான், அவன் ஏற்பாட்டுல ஆலனை ஆள் வச்சு கப்பல்ல தூக்கிப் போட்டுடறாங்க, ஆலன் கடல்ல ஹார்ப்பூன் (திமிங்கலத்தக் குத்தற கயிறு கட்டின ஈட்டி) எறியற அளவுக்குத் தேறி, கடைசி நேரத்துல கல்யாணத்த நிறுத்த ஓடி வர்றான். அவ்ளோதான்.

ஆனா கடல் காட்சி வரும்போது படம் வேற எங்கயோ போயிடுது. நிஜமாவே மேற்கிந்தியத் தீவுகள் பக்கம் கப்பல் எடுத்துட்டுப் போய் நிஜ திமிங்கலத்த வேட்டையாடி எடுத்திருக்காங்க. சின்னப் படகு, ஆறு பேர், பக்கத்துலயே அந்த மலை மாதிரி முதுகு எழும்புது, கயிறு ஓடுது, படகை அது இழுத்துட்டுப் போகுது, அப்புறம் கப்பல் பக்கத்துல கட்டிப் போட்டு கொழுப்ப உரிச்சு பெரிய கொப்பரைல காய்ச்சறாங்க. வேட்டைய நான் ஆதரிக்கல, பாக்கவே கஷ்டமா இருக்கும், ஆனா ஒரு தொழில் இப்படித்தான் நடந்ததுன்னு பதிவான விதத்துல இதுக்கு நிகரா நான் வேற ஊமைப்படம் பாத்ததில்ல. துறைமுகக் காட்சில சார்ல்ஸ் டபிள்யூ. மார்கன்ங்கற நிஜ கப்பல் வருது, 1841ல அதே ஊர்ல கட்டி 1921 வரைக்கும் 37 பயணம் போன கப்பல்.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். கப்பல் நிஜம், திமிங்கலம் நிஜம், ஊர் நிஜம், தெரு நிஜம். அந்தக் கப்பல்ல 80 வருஷம் வேலை செஞ்சவங்க யாரு? மேற்கு ஆப்பிரிக்கா பக்கத்து கேப் வெர்டே தீவு ஆளுங்க, அஸோர்ஸ் தீவு போர்த்துக்கீசியங்க, அமெரிக்கக் கறுப்பினத்தவங்க, அந்த மண்ணோட பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள், பசிபிக் தீவுக்காரங்க, நியூசிலாந்து, செஷல்ஸ், குவாடலூப்னு எங்கெங்கயோ இருந்து வந்தவங்க. படத்துல கதைய நகத்துற ஆளுங்கள எடுத்துக்கோங்க, ஆலன், சிக்ஸோட கூட்டாளி ஃபின்னர், கேப்டன், டாட் (க்ளாரா போ), ஜிம்மி, அத்தனை பேரும் வெள்ளக்காரங்க. மத்தவங்க தெரிஞ்சா கூட்டத்துல ஒரு முகமா தெரியறாங்க, பேர் இல்ல, வசனக் கார்டு இல்ல. இனம்ங்கற விஷயம் கதைக்குள்ள வர்ற ஒரே இடம் அந்த வில்லன் சிக்ஸ். அவன் ஆசிய ரத்தம் உள்ளவன், அத மறைச்சு வெள்ளக்காரனா நடமாடறான், அதுதான் அவனோட 'ரகசியம்'. அந்த ரோலையும் பண்ணது வெள்ளக்கார நடிகர்தான்.

ஊர்க்காரங்களே காசு போட்டு எடுத்த படம் இது. அவங்களுக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது, ஏன்னா அந்த கேப் வெர்டே குடும்பங்க பக்கத்துத் தெருவுலதான் இருந்தாங்க.

பழைய_ரீல்:

நல்ல பதிவு தம்பி. ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த படத்த இன்னைக்கு அளவுகோல வச்சு அளக்கறது எனக்கு உடன்பாடு இல்ல. அன்னைக்கு எல்லாப் படமும் அப்படித்தான். அந்தக் கேமராமேன் அலெக்ஸாண்டர் பென்ரோட் என்ன உழைப்பு உழைச்சிருக்கார்னு பாருங்க, கையால சுத்துற கேமராவ ஆடற படகுல வச்சு ஃபோகஸ் போகாம எடுத்திருக்கார். அதே மனுஷன் 1931ல நியூஃபவுண்ட்லாந்து பக்கம் சீல் வேட்டைப் படம் எடுக்கப் போய், வைக்கிங்ங்கற கப்பல் வெடிச்சதுல செத்துட்டார். இப்படி உயிரக் குடுத்து எடுத்த ஆளுங்களோட வேலைய முதல்ல கொண்டாடணும், குறை அப்புறம் பேசலாம்ங்கறது என் கருத்து.

கடலோடி_மகன்:

பென்ரோட் பத்தி நீங்க சொன்னது முழுக்க சரி அண்ணே, அவர் வேலையில எனக்கு மரியாதைதான். ஆனா "அன்னைக்கு எல்லாரும் அப்படித்தான்"னு விட்டுட முடியல, அன்னைக்கே வேற மாதிரி செஞ்சவங்க இருந்தாங்களே. நோபிள் ஜான்சன்னு கறுப்பின நடிகர், 1916லயே அவரும் அவர் தம்பி ஜார்ஜும் லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனின்னு ஆரம்பிச்சு கறுப்பினத்தவங்கள நாயகனா போட்டுப் படம் எடுத்தாங்க. செஸ்ஸு ஹயகாவா ஜப்பான்காரர், 1915ல "த சீட்" படத்துல பெரிய ஸ்டார் ஆயி, 1918ல சொந்தமா ஹாவர்த் பிக்சர்ஸ்னு கம்பெனி வச்சிருந்தார். இந்தப் படம் வந்த அதே 1922ல அன்னா மே வாங் "த டால் ஆஃப் த ஸீ"ல நாயகியா நடிச்சிருக்காங்க, அதுவும் கலர்ல. கதை சோகக் கதைதான், கடைசில அந்தப் பொண்ணு தியாகம் பண்ணிட்டு சாகணும், ஆனா முகம் அவங்க முகம்.

இன்னொண்ணு. க்ளிஃப்டன் யார்கிட்ட தொழில் கத்துக்கிட்டார்? டைரக்டர் டி.டபிள்யூ. க்ரிஃபித்கிட்ட. 1915ல அவர் எடுத்த "த பர்த் ஆஃப் எ நேஷன்"ல ஃபில் ஸ்டோன்மேனா நடிச்சதே இவர்தான். அந்தப் படம் கறுப்பின மக்கள எப்படிக் காட்டுச்சு, அதுக்கு எதிரா என்.ஏ.ஏ.சி.பி.ங்கற கறுப்பினத்தவர் உரிமைச் சங்கம் எவ்ளோ பெரிய போராட்டம் நடத்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். அதாவது 1915லயே "இது தப்பு"ன்னு தியேட்டர் வாசல்ல நின்னு சொன்ன மக்கள் இருந்தாங்க. அளவுகோல் அவங்களோடதுதான் அண்ணே, என்னோடது இல்ல.

சட்டப்புத்தகம்:

சிக்ஸ் பாத்திரம் பத்தி ஒரு விஷயம் சேர்க்கறேன். படம் வந்த அதே செப்டம்பர் 1922லதான் கேபிள் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. அதுக்கு முன்னாடி அமெரிக்கப் பொண்ணு எந்த வெளிநாட்டுக்காரனக் கட்டினாலும் குடியுரிமை போயிடும், இந்தச் சட்டம் அத மாத்துச்சு, ஆனா ஒரு ஓட்டை வச்சுச்சு: குடியுரிமை வாங்கத் தகுதி இல்லாத வெளிநாட்டவன கட்டினா அப்பவும் போயிடும். யாரு அந்தத் தகுதி இல்லாதவங்க? நடைமுறைல ஆசியக்காரங்கதான். ரெண்டு மாசத்துல, நவம்பர்ல, டகாவோ ஒசாவாங்கற ஜப்பான்காரர் வழக்குல ஜப்பான்காரங்க 'வெள்ளையர்' இல்லன்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு குடுத்துச்சு. 1923 பிப்ரவரில நம்ம நாட்டுக்காரர் பகத் சிங் தின்ட் வழக்கு, இந்தியரும் வெள்ளையர் இல்லன்னு அதே கோர்ட் சொல்லிடுச்சு, அவர் முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், அதையெல்லாம் கணக்குலயே எடுத்துக்கல.

அப்ப தியேட்டர்ல உக்காந்திருந்தவனுக்கு "வெள்ளக்காரன் மாதிரி தெரியறவன், ஆனா உள்ள ஆசியன், நம்ம வீட்டுப் பொண்ணக் கட்டப் பாக்குறான்"ங்கறது வெறும் கதையா பட்டிருக்காது. அன்னைக்கு பேப்பர்ல, கோர்ட்ல ஓடிட்டு இருந்த பயம் அது.

இதுல எனக்கு ரொம்ப உறுத்தற விஷயம், மாசசூசெட்ஸ்ல இனம் மாறிக் கல்யாணம் பண்றதுக்கான தடைய 1843லயே நீக்கிட்டாங்க. கதை நடக்கறதா காட்டற காலத்துல, அந்த ஊர்ல, அப்படி ஒரு கல்யாணம் சட்டப்படி செல்லும். 1922 பயத்த எடுத்துட்டுப் போய் பழைய நியூ பெட்ஃபோர்ட் மேல ஒட்டியிருக்காங்க.

வெண்திரை_மலர்:

எல்லாரும் க்ளாரா போவ ஒரு வரில தாண்டிப் போயிட்டீங்க. டாட் பாத்திரம்தான் எனக்கு இந்தப் படமே. மார்கனோட பேத்தி, பொண்ணுங்க கப்பல்ல வரக்கூடாதுன்னு சொன்னா பையன் டிரஸ் போட்டு ஒளிஞ்சுட்டு ஏறிப் போயிடறா. எடுக்கும்போது அந்தப் பொண்ணுக்கு 17 வயசுகூட ஆகியிருக்குமோ என்னமோ, ஒரு பத்திரிகை நடத்துன போட்டில ஜெயிச்சு உள்ள வந்த ப்ரூக்ளின் ஏழைப் பொண்ணு, ஆனா திரைல மத்தவங்க எல்லாரும் கைய நெஞ்சுல வச்சு 'நடிச்சிட்டு' இருக்கும்போது இவ மட்டும் நிஜமா நிக்கிறா. சண்டை போடறா, முகத்தச் சுளிக்கிறா, மேல விழுந்து உருள்றா.

நாயகி பேஷன்ஸ் பாருங்க, வீட்ல உக்காந்து காத்திருக்கறதுதான் வேலை. ஒரே படத்துல ரெண்டு விதமாவும் பொண்ணுங்க இருக்காங்க, அத நான் படத்தோட நல்ல பக்கமா பாக்குறேன். ஆனா டாட்டுக்கும் கப்பல்ல நடக்கறது என்ன, ஃபின்னர் அவள பொண்ணுன்னு கண்டுபிடிச்சதும் அத்துமீறப் பாக்குறான். சாகசம் ஆம்பளைக்கு வந்தா திமிங்கலம், பொம்பளைக்கு வந்தா ஆம்பளைகிட்ட இருந்து தப்பிக்கறது. நிஜத்துல திமிங்கலக் கப்பல் கேப்டன்மாரோட மனைவிங்க பல பேர் வருஷக் கணக்கா கூடவே பயணம் போயிருக்காங்க, டைரி எழுதியிருக்காங்க, சிலர் கப்பல் எங்க நிக்குதுன்னு கணக்குப் போடற அளவுக்குக் கத்துக்கிட்டாங்க. இந்தக் கதையையும் யாரும் தொடல.

நாகை_படகு:

நான் சினிமா ஆள் இல்ல, எங்க வீட்ல மீன்பிடித் தொழில், இழையப் பாத்துட்டு நேத்து ராத்திரி படத்த முழுசா பாத்தேன். கயிறு ஓடற இடத்துல எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, கட்டையில ஒரு சுத்து சுத்தி விடற கயிறு எவ்ளோ வேகமா போகும், கை மாட்டுனா விரல் இருக்காதுன்னு தொழில் பண்றவனுக்குத் தெரியும், அந்த ஆளுங்க முகத்த பாத்தாலே அது தெரியுது. அவங்க நடிகருங்க இல்ல, தொழில்காரங்க.

எனக்கு ஒரு சந்தேகம். எங்க பக்கம் பிடிச்ச மீன வித்து, செலவு கழிச்சு, படகு ஓனருக்கு இவ்ளோ ஆளுக்கு இவ்ளோன்னு பங்கு பிரிப்போம். அங்க எப்படி?

கடலோடி_மகன்:

அங்கயும் பங்குதாங்க, மாசச் சம்பளம் கிடையாது. கேப்டனுக்கு செலவு போக மிஞ்சற வரவுல பத்துல பதினஞ்சுல ஒரு பங்குன்னா, புதுசா ஏறுற ஆளுக்கு 150ல 200ல ஒரு பங்கு. பயணம் மூணு நாலு வருஷம் போகும். நடுவுல துணி, புகையிலை, கத்தி எது வேணும்னாலும் கப்பல் கடைலதான் வாங்கணும், விலை ஏத்தித்தான் விப்பாங்க, கணக்குல எழுதிப்பாங்க. அதனால மூணு வருஷம் கழிச்சு கரைக்கு வரும்போது கையில ஒண்ணுமே இல்லாதவங்களும் உண்டு, கடன்ல வந்தவங்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு கடைசிக்கு வரவர வெள்ளக்காரங்க ஆலை வேலைக்கு, மேற்குப் பக்கம்னு போயிட்டாங்க, இந்தக் காசுக்கு ஏறினது கேப் வெர்டே ஆளுங்க. அங்க அடிக்கடி பஞ்சம் வரும், அமெரிக்கா போறதுக்கு இந்தக் கப்பல்தான் வழி. நீங்க படத்துல பாத்து சிலிர்த்த அந்தத் தொழில கடைசி வரைக்கும் தாங்கிப் பிடிச்சது அவங்கதான்.

ஹார்ப்பூன் பத்தியும் சொல்லணும், நீங்க தொழில்காரர் ரசிப்பீங்க. பழைய ஹார்ப்பூன் அம்பு மாதிரி முனை, திமிங்கலம் முண்டும்போது வெட்டிக்கிட்டே வெளில வந்துடும். 1848ல லூயிஸ் டெம்பிள்னு நியூ பெட்ஃபோர்ட்ல கொல்லுப் பட்டறை வச்சிருந்த ஒருத்தர் முனையத் தனியா, சுழலற மாதிரி செஞ்சார். ஒரு சின்ன மரக்குச்சி அத நேரா பிடிச்சிருக்கும். உள்ள போய் கயிறு இழுபட்டதும் அந்தக் குச்சி ஒடஞ்சு முனை குறுக்கால திரும்பிக்கும், அப்புறம் வெளிய வராது. கொஞ்ச வருஷத்துல எல்லாக் கப்பல்லயும் அதுதான். டெம்பிள் கறுப்பினத்தவர், வர்ஜீனியாவுல அடிமையா பிறந்து வந்தவர்னு சொல்றாங்க. காப்புரிமை எடுக்கல, மத்தவங்க செஞ்சு செஞ்சு வித்தாங்க, அவர் 1854ல கஷ்டத்துலதான் செத்தார். இப்ப ஊர் நூலகத்து முன்னாடி சிலை இருக்கு. ஹார்ப்பூன் எறியறதுதான் ஆம்பளத்தனத்துக்கே பரீட்சைன்னு ஒரு முழுப்படம் எடுத்தாங்க, அந்தக் கருவிய செஞ்சவரப் பத்தி ஒரு கார்டு கிடையாது.

பழைய_ரீல்:

டெம்பிள் பத்தி இப்பதான் தெரிஞ்சுக்கறேன், நன்றி. ஆனா தம்பி, ஒரு காதல் கதைக்குள்ள இதையெல்லாம் எங்க வைக்கறது? மக்கள் வரணும், டிக்கெட் விக்கணும். க்வேக்கர் குடும்பம், காதல், வில்லன்னு இருந்தாத்தான் ஓடும். கேப் வெர்டே மாலுமி கதைய 1922ல யாரு பாத்திருப்பா?

கடலோடி_மகன்:

ஓடாதுன்னு நீங்க நினைக்கறது எனக்குப் புரியுது அண்ணே, ஆனா அந்த ஊர்ல கிடந்த நிஜக் கதைங்க இந்தக் கதைய விட நூறு மடங்கு சினிமாத்தனமானது. ரெண்டே ரெண்டு சொல்றேன்.

பால் கஃபி. 1759ல கட்டிஹங்க் தீவுல பிறந்தவர், அப்பா ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா கொண்டு வரப்பட்டு விடுதலை ஆன அசாந்தி இனத்தவர், அம்மா வாம்பனோவாக். திமிங்கலக் கப்பல்ல பையனா ஏறி, அப்புறம் சொந்தமா கப்பல் கட்டி, கறுப்பின மாலுமிங்கள வச்சே ஓட்டி, 1811ல சியரா லியோன் வரைக்கும் போனவர். 1812ல அவர் கப்பல சுங்கத்துறை பிடிச்சு வச்சப்ப நேரா ஜனாதிபதி மேடிசனப் பாத்து மீட்டுட்டு வந்தார். 1808ல வெஸ்ட்போர்ட் க்வேக்கர் சபைல உறுப்பினர். "க்வேக்கராவும் இருக்கணும் கடலோடியாவும் இருக்கணும்"னு மார்கன் கேக்கறாரே, அந்த ரெண்டும் முழுசா பொருந்தற ஆள் அந்தப் பக்கத்துலயே வாழ்ந்தவர். அவர் மாதிரி ஒருத்தர் வந்து பொண்ணு கேட்டா மார்கன் என்ன சொல்லியிருப்பார்னு ஒரு படம் எடுத்திருந்தா எப்படி இருந்திருக்கும்!

ரெண்டாவது மஞ்சிரோ. 1841ல 14 வயசு ஜப்பான் மீனவப் பையன், புயல்ல அடிச்சுட்டுப் போய் டோரிஷிமாங்கற ஆளில்லாத தீவுல மாட்டிக்கிட்டான், கூட நாலு பேர். கடல் பறவையத் தின்னு உயிர் வாழ்ந்தவங்கள ஜான் ஹவ்லண்ட்ங்கற நியூ பெட்ஃபோர்ட் கப்பல் காப்பாத்துச்சு. கேப்டன் விட்ஃபீல்ட் அந்தப் பையன 1843ல தன் ஊர் ஃபேர்ஹேவனுக்கே கூட்டிட்டு வந்தார், நியூ பெட்ஃபோர்டுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஊர். சர்ச்ல தன் குடும்பத்தோட ஒரே பெஞ்சுல உக்கார வைக்கக் கூடாதுன்னு சபைக்காரங்க சொன்னதும், விட்ஃபீல்ட் அந்தச் சபைய விட்டுட்டு, பையனச் சேத்துக்கிட்ட வேற சபைக்குப் போயிட்டார். பையன் பள்ளிக்கூடம் போனான், பீப்பா செய்யக் கத்துக்கிட்டான், கடல் வழிக் கணக்கு படிச்சான், ஃப்ராங்க்ளின்ங்கற திமிங்கலக் கப்பல்ல பொறுப்பான வேலைக்கு வந்து, கலிஃபோர்னியாவுல தங்கம் தோண்டி காசு சேத்து, 1851ல ஜப்பான் திரும்பினான். வெளிநாடு போனவன் திரும்பி வந்தா மரண தண்டனைங்கற காலம் அது.

நியூ பெட்ஃபோர்ட் கப்பல்ல ஒரு ஆசியக்காரன்னா நிஜ வரலாறு குடுத்தது மஞ்சிரோவ. படம் குடுத்தது சிக்ஸ. இதத்தான் என்னால தாண்டிப் போக முடியல.

வெண்திரை_மலர்:

க்வேக்கர்ங்க பத்தியும் கொஞ்சம் பேசணும். அடிமை முறைக்கு எதிரா நின்னவங்க, அதுல சந்தேகமே இல்ல, ஆனா சில கூட்டங்கள்ல கறுப்பினத்தவங்களுக்குத் தனி பெஞ்சும் வச்சிருந்தாங்க. அடிமை முறைக்கு எதிரா போராடின ஃப்ரெடரிக் டக்ளஸ் 1838ல அடிமைத்தனத்துல இருந்து தப்பிச்சு வந்து தங்கினது இதே நியூ பெட்ஃபோர்ட்தான். கப்பல் இடுக்கு அடைக்கற வேலை கைவசம் இருந்தும், அவர் வந்தா நாங்க வேலைய விட்டுப் போயிடுவோம்னு வெள்ளக்காரத் தொழிலாளிங்க சொன்னதால, நாளைக்கு 2 டாலர் வர்ற வேலைய விட்டு 1 டாலர் கூலி வேலைக்குப் போனார். படத்துல வர்ற ஊர் எவ்ளோ சுத்தமா, அமைதியா இருக்கு பாருங்க.

யாழ்_அலை:

அண்ணை, இந்தப் படத்த இப்ப எங்க பாக்கலாம்? இதே மாதிரி வேற கடல் படங்கள் இருந்தாலும் சொல்லுங்கோ, மற்றப் படங்கள் இத விடப் பரவாயில்லையோ எண்டு அறிய ஆசை.

கடலோடி_மகன்:

காப்புரிமை முடிஞ்ச படம் தம்பி, நெட்ல பேர் போட்டாலே வரும், ஆனா மங்கலான காப்பி நிறைய சுத்துது, கொஞ்சம் தேடி நல்லதா பாருங்க. 1949ல இதே பேர்ல ஒண்ணு வந்துச்சு, கதை வேற, குழம்பிடாதீங்க.

மத்த படங்க: "த ஸீ பீஸ்ட்" (1926), ஜான் பேரிமோர் நடிச்சது, மோபி டிக் நாவல வச்சு எடுத்தது. நாவல்ல ஹார்ப்பூன் எறியற முக்கியமான மூணு பேரும் வெள்ளக்காரங்க இல்ல, பசிபிக் தீவுக்காரன் க்வீக்வெக், மாசசூசெட்ஸ் கே ஹெட் பகுதி பூர்வகுடி ஒருத்தன், ஆப்பிரிக்கன் ஒருத்தன். 1851லயே நாவல்ல அவ்ளோ இடம் குடுத்திருக்கு, 75 வருஷம் கழிச்சு வந்த படம் அவங்கள ஓரத்துக்குத் தள்ளிட்டு காதலத் தூக்கி நடுவுல வச்சுது. இருந்தாலும் க்வீக்வெக்கா சாம் பேக்கர்ங்கற கறுப்பின நடிகரும் ஃபெடலாங்கற பாத்திரத்துல ஜப்பான் நடிகர் சோஜினும் வர்றாங்க, முகமாவது வருது. "ஓல்ட் அயர்ன்சைட்ஸ்" (1926)ல குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் காட்ஃப்ரே கப்பல் சமையல்காரரா வர்றார், எதிரிங்க பூரா வட ஆப்பிரிக்க முஸ்லிம்ங்க, அவங்களுக்கு ஒரு நல்ல குணம்கூட கிடையாது. பஸ்டர் கீட்டனோட "த நேவிகேட்டர்" (1924)ல நரமாமிசம் தின்ற தீவுக்கூட்டத் தலைவனா வர்றது யாரு தெரியுமா? நான் மேல சொன்ன அதே நோபிள் ஜான்சன். சொந்தக் கம்பெனில கறுப்பின நாயகனா நடிச்ச மனுஷனுக்கு ஹாலிவுட் குடுத்த வேலை அது. அந்தப் படத்த எல்லாரும் சிரிச்சுட்டே பாப்பாங்க, எனக்கு அந்த இடம் வந்தா சிரிப்பு வராது.

நாகை_படகு:

அந்த கேப் வெர்டே ஆளுங்களோட கடைசிக் கப்பல் என்ன ஆச்சுங்க?

கடலோடி_மகன்:

வாண்டரர்னு ஒரு கப்பல், நியூ பெட்ஃபோர்ட்ல இருந்து திமிங்கல வேட்டைக்குக் கிளம்பின கடைசிப் பெரிய பாய்மரக் கப்பல் அதுதான். 1924 ஆகஸ்ட்ல, இந்தப் படம் வந்து ரெண்டு வருஷத்துல, கிளம்பின மறுநாளே புயல்ல மாட்டி கட்டிஹங்க் பாறைல மோதி ஒடஞ்சுடுச்சு, பால் கஃபி பிறந்த அதே தீவு. மாலுமிங்கள்ல பெரும்பாலானவங்க கேப் வெர்டே ஆளுங்கதான், படகுல இறங்கி எல்லாரும் உயிரோட தப்பிச்சுட்டாங்க. ஒடஞ்சு கிடந்த கப்பலோட போட்டோ நிறைய இருக்கு, தேடிப் பாருங்க. அதுல இருந்து தப்பிச்சவங்க பேரச் சொல்லித் தேடினீங்கன்னா அவ்ளோ சுலபமா ஒண்ணும் கிடைக்காது.